மொட்டை மூக்குக் கத்தி

போன வாரம் அண்ணன் மகள் கைபேசியில் மூன்று கத்திகளின் படங்களை அனுப்பியிருந்தாள். வனவியல் படிக்கச் சேர்ந்திருக்கிறாள். கல்லூரியில் கொடுத்த பட்டியலில் மழைக்கோட்டு, குறிப்பேடு, கைலென்ஸ் இவற்றோடு மடக்குக் கத்தி ஒன்றும் இருந்ததாம். "முதல் தடவையா வாங்குறேன் அத்தை, இதுல எது நல்லது?" என்று கேட்டிருந்தாள்.

முதல் கத்தியின் அலகு இரண்டு பக்கமும் சரிந்து நடுவில் ஊசியாக முடிந்தது. இரண்டாவது கிளியின் மூக்கைப் போல உள்நோக்கி வளைந்தது. மூன்றாவதற்கு முனையே இல்லை. வெட்டும் வாய் அடிக்கோல் போல நேராகப் போக, முதுகு மட்டும் கடைசியில் வளைந்து இறங்கி வாயோடு சேர்ந்துகொண்டது.

மூன்றாவதை வாங்கு என்று எழுதினேன். பொம்மைக் கத்தி மாதிரி இருக்கே அத்தை என்று பதில் வந்தது. இரண்டு நாள் கழித்து, வாங்கிய கத்தியைப் படம் எடுத்து அனுப்பினாள். முதலாவதை வாங்கியிருந்தாள். நல்லது, பத்திரமாக வைத்துக்கொள் என்று எழுதிவிட்டு விட்டுவிட்டேன். அவள் வயதில் நானும் அதைத்தான் கையில் எடுத்தேன் என்று அவளுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

இறந்தவர்களுக்கு எழுதினால் போய்ச் சேரும் என்று நான் நினைக்கவில்லை. நீ இருந்தபோதே நான் உனக்கு ஒழுங்காகக் கடிதம் எழுதியவள் இல்லை. ஆனால் அந்தக் கத்தியைப் பற்றி என்னைத் தவிர முழுவதும் தெரிந்த ஆள் நீ ஒருத்திதான். உனக்குத் தெரிந்ததையே வரிசையாக எழுதிப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் தெளிவாகும் என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

நாம் விருதுநகரில் முதுகலைத் தாவரவியலில் சேர்ந்த முதல் பருவம். எனக்கு இரண்டு பஸ். தாயில்பட்டியைத் தாண்டியிருக்கும் எங்கள் ஊரிலிருந்து சிவகாசிக்கு ஒன்று, அங்கிருந்து விருதுநகருக்கு ஒன்று. அந்த இரண்டாவது பஸ்ஸில் நீ திருத்தங்கலில் ஏறுவாய். உனக்காகப் பக்கத்து இருக்கையில் பையை வைத்துக் காத்திருப்பேன். "பைக்கு டிக்கெட் எடுத்தியாம்மா?" என்று கண்டக்டர் தினமும் கேட்பார். தினமும் நீதான் அவருக்குப் பதில் சொல்வாய். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

காலைப் பஸ்ஸில் ஒன்றும் இல்லை. சாயங்காலப் பஸ்தான். அந்த ஆள் விருதுநகரில் ஏறுவார். வெளுத்த சட்டை, பையில் இரண்டு பேனா, கக்கத்தில் தோல் பை. பார்த்தால் எழுந்து இடம் கொடுக்கத் தோன்றும். வண்டி காலியாக இருந்தாலும் நம் பக்கத்தில்தான் வந்து நிற்பார். இதற்கு மேல் எழுத விருப்பமில்லை. பஸ்ஸில் போய்வந்த எந்தப் பெண்ணுக்கும் மீதி தெரியும்.

வீட்டில் சொல்ல வழியில்லை. சொன்னால் அப்பா அந்த ஆளைத் தேடிப் போகமாட்டார், என்னை நிறுத்திவிடுவார். ஊரிலிருந்து பட்டப் படிப்பைத் தாண்டிய முதல் பெண் நான். அதை விரும்பாதவர்கள் வரப்புக்கு இரண்டு பேர் இருந்தார்கள். உன் வீட்டிலும் அதே கதை. உன் அப்பா பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் சின்ன அச்சகம் வைத்திருந்தார். அவருக்கு நீ படிப்பது பெருமைதான். ஆனால் அதே வீட்டில் உன் பெரியப்பாக்கள் இரண்டு பேர், 'படிச்சது போதும்' என்று சொல்ல ஒரு காரணம் கிடைக்காதா என்று சாப்பாட்டு நேரத்தில்கூடக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்கள். வகுப்பில் நீதான் முதல். செடியைக் கையில் எடுத்ததும் குடும்பப் பெயரைச் சொல்லிவிடுவாய், நான் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பேன். பஸ் விஷயம் வெளியே வந்தால் இரண்டு பேர் படிப்பும் அன்றோடு சரி. அதனால் நாம் பேசாமல் இருந்தோம்.

அந்தச் சமயத்தில்தான் துறையில் பட்டியல் ஒட்டினார்கள். செடி சேகரிக்க வெளியே போவதற்கு வேண்டிய சாமான்கள். பழைய செய்தித்தாள், சணல் கயிறு, சாக்குப் பை, இருவருக்கு ஒரு மடக்குக் கத்தி. அந்தக் கடைசி வரியைப் படித்ததும் என் மனதில் என்ன ஓடியது என்று உனக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்குத் தெரிந்தே, கல்லூரி சொல்லியே ஒரு கத்தி வைத்துக்கொள்ளலாம்.

மிளகாய் வத்தல் மண்டிகள் இருக்கும் தெருவில் அந்த இரும்புக்கடை. தும்மிக்கொண்டேதான் போய்ச் சேர்ந்தோம். கடைக்கார அண்ணாச்சி நம்மை ஏற இறங்கப் பார்த்தார்.

"கத்தியா? வீட்டுக்கா, தோட்டத்துக்கா?"

"காலேஜுக்கு அண்ணாச்சி" என்றாய் நீ.

"இப்பக் காலேஜுல கத்திய வச்சாப் பாடம் நடத்துறாக?"

"ஆமா. மார்க்கு போடலேன்னா வெளிய எடுப்போம்."

அவர் சிரித்துவிட்டு ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து துணியை விரித்து வரிசையாக வைத்தார். எல்லாவற்றுக்கும் அவர் மூக்கை வைத்தே பெயர் சொன்னார். "இது ஊசி மூக்கு. இது கிளி மூக்கு, கொப்பு கழிக்க, வாழத்தாரு அறுக்க. இது மொட்ட மூக்கு. மண்டிக்காரக இதத்தான் கேட்டு வாங்குவாக. மூட்டத் தையலப் பிரிக்கும்போது சாக்கும் கிழியாது, உள்ள இருக்க வத்தலும் குத்துப்படாது."

நான் ஊசி மூக்கைத் தொட்டேன். கருப்புப் பிடி, கைக்கு அடக்கமாக இருந்தது.

"எதுக்கு அது?" என்று கேட்டாய்.

"எதுக்குன்னு உனக்குத் தெரியாதா?"

நீ அண்ணாச்சிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாய். "குத்துவியா?"

"என்னது?"

"அந்தாளு பக்கத்துல வந்து நிப்பான். நீ பையத் தொறந்து, கத்தியத் தொறந்து, திரும்பிக் குத்துவியா? யோசிக்காமச் சொல்லு."

நான் யோசித்தேன்.

"மாட்ட. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்ப இது பைக்குள்ளயே கெடக்கும். பைக்குள்ள கெடக்க கத்திக்கு அவன் எதுக்குப் பயப்படப் போறான்? நீதான் பயப்படுவ, எப்பத் தொறந்துக்கிடுமோன்னு."

மொட்டை மூக்கை எடுத்தாய். அண்ணாச்சியிடம் பழைய பில்தாள் ஒன்றை வாங்கி, ஒரு கையால் அந்தரத்தில் பிடித்துக்கொண்டு, மேலிருந்து கீழே ஒரே இழுப்பில் வகுந்தாய். சத்தமே இல்லை. அச்சகத்து வீட்டுப் பெண் அல்லவா, வாய் நன்றாக இருக்கிறதா என்று தாளில்தான் பார்ப்பாய்.

"வாயி நேரா இருக்கு பாரு. பலகையில வச்சா முழுசாப் படியும். தண்டு நறுக்க இதுதான் சரி."

"வெண்டைக்காய்கூட நறுக்கலாம்" என்றேன். கோபமாகத்தான் சொன்னேன்.

"நறுக்குவோம்டி. எல்லார் முன்னாலயும் வச்சு நறுக்குவோம். கூரு இல்லாத கத்தியத்தான் பஸ்ஸுல தொறந்து கையில வச்சிருக்க முடியும். ஊசி மூக்கத் தொறந்தா நம்மளத்தான் எறக்கி விடுவாக."

சேர்ந்துதான் வாங்கினோம், ஆளுக்குப் பாதி. அண்ணாச்சி கத்தியை மடக்கி என் கையில் தரப்போனபோது நீ குறுக்கே கையை நீட்டினாய். "கையில குடுக்காதீக. கீழ வையுங்க, எடுத்துக்கிடுதோம்." நம் பக்கத்தில் அப்படித்தான். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தாலும் சரி, சும்மா கொடுத்தாலும் சரி, கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் இடையில் அறுந்துபோகும் என்பார்கள். எனக்கு அப்போதே இதெல்லாம் சிரிப்பு. "எனக்கும் அண்ணாச்சிக்கும் அறுந்துபோக என்ன உறவு இருக்கு?" என்று கேட்டேன். "யாவாரம் இருக்குல்ல தாயி" என்று சொல்லிவிட்டு அவர் கத்தியைத் துணிமேல் வைத்தார்.

கத்தியை நான் வைத்துக்கொள்வது என்று ஏற்பாடு. உன் வீட்டில் பையைத் துழாவுவார்கள், கல்லூரி கேட்டதுதான் என்றாலும் பெரியப்பாக்கள் அதை ஒரு பேச்சாக்கிவிடுவார்கள். முதல் வாரம் நீ சொன்னதுபோலவே அது பைக்குள் கிடந்தது. நான் பயந்துகொண்டிருந்தேன். ஊசி மூக்காக இருந்திருந்தால் தைரியம் வந்திருக்கும் என்று உன்மேல் உள்ளுக்குள் கடுப்பு வேறு.

அந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். ஆவணியா புரட்டாசியா என்று எனக்கு நிச்சயமில்லை, பட்டாசுக்கு உச்சமான சீசன். பஸ் ஸ்டாண்டில் நீ நாலைந்து கொய்யா வாங்கினாய், எல்லாம் செங்காய். நமக்கு இடம் கிடைத்தது. நீ சன்னல் ஓரம், நான் நடைவழி ஓரம். வண்டி ஊரைத் தாண்டியதும் அந்த ஆள் வந்து என் தோளோடு ஒட்டி நின்றார். நான் உன் பக்கம் நகர்ந்தேன். அவரும் நகர்ந்தார்.

"ஏ பிள்ள, பசிக்கி" என்றாய், நாலு வரிசைக்குக் கேட்கும்படி. "கொய்யாவ நறுக்கு."

பைக்குள் கையை விட்டேன். கத்தியைத் திறந்தபோது சொடக்கென்று ஒரு சத்தம் வந்தது. முதல் கொய்யாவை மடியில் நோட்டின் மேல் வைத்து வகுந்தேன். அவர் என் தோளைவிட்டு விலகினார், ஆனால் போகவில்லை. அப்போதுதான் வழியிலிருந்த பட்டாசுக் கம்பெனி நிறுத்தத்தில் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஏறினார்கள்.

தினமும் பார்ப்பதுதான். கம்பெனிக்குள் ஊக்கு, கொண்டை ஊசி, கொலுசு எதையும் விடமாட்டார்கள், உரசினால் நெருப்பு என்று. அதனால் காலையிலேயே எல்லாவற்றையும் கழற்றி முடிந்து வைத்துவிட்டு, சாயங்காலம் பஸ் ஏறியதும் ஒருத்திக்கு ஒருத்தி தோள் சேலையைப் பிடித்து ஊக்குக் குத்திவிடுவார்கள். முகத்தில் கையில் எல்லாம் வெள்ளிப் பொடி மினுங்கும். நடுவயதில் கட்டைக் குரலோடு ஒரு அக்கா உண்டு. அவருக்குச் சத்தக்கா என்று நீ பெயர் வைத்திருந்தாய். வாயில் ஊக்கைக் கடித்தபடி அவர் என் மடியைப் பார்த்தார்.

"என்ன தாயி, கத்தியெல்லாம் வச்சிருக்கீக. எங்க கம்பெனியில ஒரு ஊக்கு இருந்தாலே ஒம்பது கேள்வி கேப்பாக."

"கொய்யா எடுத்துக்கோங்க அக்கா" என்றேன். அது நானாகப் பேசியது, நீ சொல்லிக்கொடுத்து அல்ல.

"கையில மருந்து இருக்கு. எம்புட்டுச் சோப்புப் போட்டாலும் போக மாட்டேங்கு. நீயே வாயில போடு."

ஊக்கை எடுத்துவிட்டு வாயைத் திறந்து குனிந்தார். ஒரு கணம் எனக்குத் தயக்கமாக இருந்தது. என் கையிலும் கொய்யாச் சாறு, நோட்டை வேறு பிடிக்க வேண்டும். கத்தியின் தட்டையிலேயே துண்டை ஏந்தி நீட்டினேன். வண்டி குழியில் இறங்கி ஏறியது. அலகு அவர் உதட்டில் இடித்தது, ஒன்றும் ஆகவில்லை. அவர் பல்லால் துண்டை இழுத்துக்கொண்டு மென்றார். அந்த நேரத்தில்தான் நீ எதை எடுத்துக் கொடுத்திருக்கிறாய் என்று எனக்கு விளங்கியது. கூர்முனைக் கத்தியை நீட்டினால் யார் வாயைத் திறப்பார்கள்?

"எனக்குக் கெடையாதா?" என்றாள் இன்னொருத்தி. பிறகு ஒவ்வொருத்தியாக, போலியோ சொட்டு மருந்துக்கு நிற்கிற பிள்ளைகளைப் போல வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள். நீ கொய்யாவை எடுத்து எடுத்துத் தந்தாய். அந்த ஆள் நடுவில் மாட்டிக்கொண்டார். சத்தக்கா அவரைப் பார்த்தார். முன்பே பலதடவை பார்த்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"அண்ணாச்சி, குறுக்க நிக்கீகளே. ஒங்களுக்கும் ஒரு துண்டா? வாயத் தொறங்க."

"அண்ணாச்சிக்கு வாயில வேண்டாமாம்க்கா" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. "கையிலயே குடுக்கச் சொல்லு. கைதான ரொம்ப நீளம்."

வண்டி முழுவதும் சிரித்தது. கண்டக்டர்கூட டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அடுத்த நிறுத்தம் அந்த ஆளுடையது இல்லை, ஆனால் இறங்கிவிட்டார். மறுநாளிலிருந்து டிரைவர் பக்கம் போய் நின்றுகொண்டார். நம் பக்கம் திரும்பவேயில்லை.

அதற்குப் பிறகு தீபாவளி வரைக்கும் நமக்கு நல்ல காலம். தினம் ஒரு பழமோ காயோ. மாங்காய் கிடைக்காத மாதத்தில் சத்தக்கா எங்கிருந்தோ நெல்லிக்காய் கொண்டுவந்தார், கொட்டையோடு அதை நறுக்க நான் பட்ட பாட்டைப் பார்த்து நீ கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடைக்கரையில் செடி சேகரிக்கப் போவோம். அலகை விரல்நகத்தின் மேல் வைத்து, "இங்கன, கணுவுக்குக் கீழ, சாச்சு வெட்டு" என்று சொல்வாய். நான் சாய்த்து வெட்டுவேன். பிறகு அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டுவோம். உன் தாளில் செடிகள் உயிரோடு படுத்திருப்பதுபோல இருக்கும். என் தாளில் அவை அடிபட்டு விழுந்தவை போல இருக்கும். துறைத் தலைவர் உன் தாள்களை வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு எடுத்துக் காட்டினார். ஆராய்ச்சிக்கு நீ போவாய் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

தீபாவளி முடிந்ததும் கம்பெனிகளைக் கொஞ்ச காலம் மூடினார்கள். பெண்கள் பஸ்ஸில் வரவில்லை. வண்டி விசாலமாகிவிட்டது. அந்த ஆள் இன்னும் முன்னாலேயே நின்றார், ஆனால் அவ்வப்போது திரும்பிப் பார்க்கத் தொடங்கியிருந்தார். அதே வாரம் விடுதியில் ஒரு இடம் காலியானது. இரண்டு பஸ் மாறி வருகிற பெண் என்று எனக்குக் கொடுத்தார்கள். படிக்க நேரம் கிடைக்கும் என்று வீட்டில் சொன்னேன். உன்னிடமும் அதையே சொன்னேன். உன் வீட்டில் விடுதிப் பேச்சையே எடுக்க முடியாது. முக்கால் மணி நேரத்தில் வீட்டுக்கு வந்துவிடலாம், எதற்கு ஹாஸ்டல் என்பார்கள்.

கடைசியாகச் சேர்ந்து போன சாயங்காலம், திருத்தங்கல் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் நீ கேட்டாய். விளையாட்டாகக் கேட்டதுபோலத்தான் இருந்தது.

"கத்திய எங்கிட்ட விட்டுட்டுப் போயேன். ஹாஸ்டல்ல உனக்கு எதுக்கு?"

நான் பையை மடியில் இறுக்கிக்கொண்டேன். பிறகு சொன்னேன். "கத்தியக் குடுத்தா அறுந்துபோயிரும்னு சொல்வாகல்ல. வேண்டாம்டி."

நீ என் முகத்தைப் பார்த்தாய். "நீயா சொல்ற?"

"நம்பல. ஆனா எதுக்கு வம்பு?"

"அது சரி" என்று சிரித்தாய். உன் நிறுத்தம் வந்தது. இறங்கிப் போனாய்.

நான் சாமி கும்பிட்டதில்லை. நல்ல நேரம் பார்த்துக் கட்டணம் கட்டியதில்லை. பூனை குறுக்கே போனால் பூனைக்கு வழிவிட்டுவிட்டு நடந்திருக்கிறேன். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, அந்தப் பஸ்ஸில், ஒரு சாத்திரத்தை எடுத்து முன்னால் வைத்தேன், கத்தியை விட மனமில்லாததால். அதில் பாதி உன்னுடையது. கொடுப்பதாகக்கூட ஆகாது, உன் பங்கை உன்னிடம் விட்டுவிட்டுப் போவது அவ்வளவுதான். அதையும் செய்யவில்லை. விடுதியில் அது பென்சில் சீவியது. பார்சல் பிரித்தது.

அறுந்துபோகவும் இல்லை என்பதுதான் வேடிக்கை. கார்த்திகை மாதம் நீ கல்லூரிக்கு வருவதை நிறுத்தினாய். மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று இன்லண்டு கடிதம் எழுதினாய். நான் நம்பினேன். எதையும் எளிதில் நம்பாதவள், இதை ஒரு கேள்வி கேட்காமல் நம்பினேன். நம் ஊரில் நடப்பதுதானே என்று நினைத்தேன். கொஞ்ச நாள் வருத்தப்பட்டுவிட்டுத் தேர்வுக்குப் படிக்கப் போய்விட்டேன். அடுத்த வருடம் சிவகாசியில் உன் கல்யாணத்துக்கு வந்து முதல் பந்தியில் சாப்பிட்டேன்.

பிறகு எல்லாம் நன்றாகவே நடந்தது. உன் கணவர் நல்லவர். இரண்டு பிள்ளைகள். உங்கள் காலண்டர் கம்பெனியில் ஆர்டர்களை எல்லாம் நீதான் பார்த்துக்கொண்டாய். ஒவ்வொரு வருடமும் எனக்கு ஒரு காலண்டர் வரும், பின்னாலேயே உன் போன். "ஆவணிப் படத்தப் பாத்தியா? படம் போடுறவன் செண்பகம்னு போட்டிருக்கான். அது செண்பகமா? எலையப் பாரு. நான் சொன்னாக் கேக்க மாட்டேங்கான், டிசைன் நல்லாருக்குங்கான்." நான் காலண்டரைப் பார்ப்பேன். நீ சொன்னது சரியாக இருக்கும். பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கி, கல்லூரியில் தாவரவியல் நடத்துகிற நான் அந்தப் படத்தைத் தாண்டிப் போயிருப்பேன்.

போன வருடம் மதுரையில் மருத்துவமனையில் உன்னைப் பார்த்தேன். சிறுநீரகம் இரண்டும் சொன்னபடி கேட்கவில்லை என்று நீயே வேடிக்கையாகச் சொன்னாய். உன் மகள் மருந்து வாங்கக் கீழே போனாள். கை வீங்கியிருந்தது. ஊசி குத்திக் குத்தி நிறம் மாறியிருந்தது.

"அந்த மொட்ட மூக்கு இன்னும் இருக்கா?" என்று கேட்டாய்.

"இருக்கு. லேப் மேஜையில கெடக்கு."

"சாணை பிடிக்கியா?"

"வருசத்துக்கு ஒருக்க."

நீ வீங்கிய கையைத் தலையணைமேல் ஏற்றி வைத்துக்கொண்டாய். பிறகு என்னவோ மறந்த கணக்கை நினைவுபடுத்துவதுபோலச் சாதாரணமாகச் சொன்னாய். "நான் நின்னது மாப்பிள்ள பாத்ததுனால இல்ல. தெரியுமா?"

எனக்குத் தெரியாது.

"நின்னதுனாலதான் மாப்பிள்ள பாத்தாக. நீ போனதுக்கப்புறம் அந்தாளு திரும்பப் பின்னால வந்துட்டான். கம்பெனிக்காரக வர இன்னும் நாளாகும். நான் ரெண்டு வாரம் போனேன். அப்புறம் வயித்துவலின்னு படுத்துக்கிட்டேன். அப்படியே நின்னுட்டேன்."

"நீதான பயப்படாதவ" என்றேன். "நீ சொல்லித்தான நான் கத்தியையே தொறந்தேன்."

"சொல்றது லேசு. நான் சன்னல் ஓரத்துல இருந்து சொன்னேன். நடைவழியில கத்தியத் தொறந்து வச்சுக்கிட்டு இருந்தது யாரு? உன் பக்கத்துல உக்காந்திருக்க தைரியத்துலதான் நான் காலேஜுக்கே வந்தேன்."

நான் உன்னை நம்பி வந்துகொண்டிருந்தேன். நீ என்னை நம்பி வந்துகொண்டிருந்தாய். இரண்டு பேரும் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை. நான் இடத்தை மாற்றியதும் உன் பக்கம் சரிந்துவிட்டது, எனக்கு அது கேட்கவேயில்லை.

"கத்தியக் கேட்டியே" என்றேன்.

"கேட்டேன். நீ அறுந்துபோகும்னு சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, உனக்கும் பயம்னு. விடு. நானா இருந்தாலும் குடுத்திருக்க மாட்டேன்."

மகள் வந்துவிட்டாள். நீ அவளிடம் மாத்திரைப் பெயர்களைக் கேட்டுச் சரிபார்க்கத் தொடங்கினாய். அதன்பின் உன்னை மூன்று தடவை பார்த்தேன். அந்தப் பேச்சை இரண்டு பேரும் எடுக்கவில்லை.

நானா இருந்தாலும் குடுத்திருக்க மாட்டேன் என்றாயே, அதை மட்டும் நான் நம்பவில்லை. நீ கொடுத்திருப்பாய். துணியை விரித்துக் கீழே வைத்து, எடுத்துக்கோ என்று சொல்லியிருப்பாய். என்னைச் சமாதானப்படுத்த நீ சொன்ன ஒரே பொய் அது என்று நினைக்கிறேன். இதற்காக நான் அழவில்லை, எனக்கு அது வராது. உனக்குப் பதிலாக ஆராய்ச்சி செய்தேன் என்றெல்லாம் நினைத்துக்கொள்ளவும் முடியவில்லை. என் ஆராய்ச்சி சுமாரானது. உன்னுடையது நன்றாக இருந்திருக்கும்.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. வகுப்பில் ஒரு பெண் வராமல் போனால் முன்பெல்லாம் பக்கத்திலிருப்பவள் எழுந்து "கல்யாணம் பேசுறாக மேம்" என்பாள். நான் வருகைப் பதிவேட்டில் கோடு போட்டுவிட்டுப் பாடத்தைத் தொடர்வேன். எத்தனை கோடுகள் போட்டிருப்பேன் என்று தெரியாது. இப்போது கோடு போடுவதில்லை. வீட்டு எண்ணைத் தேடி எடுத்து அழைக்கிறேன். எடுப்பது அப்பாவாக இருந்தால் செய்முறை நோட்டில் கையெழுத்து வேண்டும் என்று சொல்லி வரச்சொல்கிறேன். பொய்தான்.

இரண்டாமாண்டில் ஒரு பெண் பதினோரு நாளாக வரவில்லை. கல்யாணம் என்றார்கள். நேற்று வந்தாள், கையில் நோட்டோடு. ஆய்வகத்தில் வேறு யாரும் இல்லை. உட்காரச் சொன்னேன். கல்யாணத்தைப் பற்றி நான் கேட்கவில்லை.

"எந்த பஸ்ஸுலம்மா வர்ற?" என்று கேட்டேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு நோட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த வகுப்புக்கு மணி அடித்தது. நான் எழுந்திருக்கவில்லை.

"ஏழே காலு பஸ் மேம்" என்றாள். "காலையில ஒண்ணும் இல்ல. திரும்பிப் போகும்போதுதான்."